குண்டிக்காய் வியாதியும் ரத்தக் குழாய்களும்: வைட்டமின் டி பற்றிச் சில விவரங்கள்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாட்டில் நாம் வசிக்கிறோம். அப்படியிருந்தும், வெயிலினால் உடலில் உண்டாகும் ஒரு சத்து நம்மவரில் பலருக்குப் பற்றாக்குறை என்றால் நம்புவது கடினம். ஆனால் நம் வாழ்க்கை முறையைச் சற்று எண்ணிப் பார்த்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மலாக்கா பட்டணத்திலோ, ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற சிற்றூர்களிலோ கடை நடத்தும் நம் வியாபாரி, பொழுது நன்றாக விடியுமுன் கடை திறக்கிறார். பகல் முழுவதும் கல்லாவுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். கடை சாத்திப் புறப்படுகையில் இருட்டிவிடுகிறது. தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவருக்குக் கிடைக்கும் வெயில், அவருக்கு அரிசி பருப்பு விற்கும் கடைக்காரருக்குக் கிடைப்பதில்லை. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இன்னும் குறைவு. மேனி கறுத்தவர்களுக்கோ, அதே அளவு சத்து உண்டாவதற்கு வெளுத்தவர்களைவிட அதிக நேரம் வெயில் தேவைப்படுகிறது. கோலாலம்பூரிலும் ஜகார்த்தாவிலும் வசிக்கும் பெண்களின் ரத்தத்தைச் சோதித்து 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இச்சத்து குறைவாயிருந்தது.

வைட்டமின் டி எலும்புக்கு மட்டுமே வேண்டியது என்பது பொதுவான எண்ணம். குண்டிக்காய், அதாவது சிறுநீரகம், நாளடைவில் கெட்டுவரும் ஒருவருக்கு அதே சத்து ரத்தக் குழாய்களோடும் சம்பந்தப்பட்டது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். இதற்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டு மலேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருப்பதாகக் கண்டார்கள். இந்திய வம்சாவளியினரில் மட்டும் அது 31.4 விழுக்காடு. இந்நாட்டில் புதிதாக டயாலிஸிஸ் செய்துகொள்ளத் தொடங்குவோரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் குண்டிக்காய் கெட்டதற்கு இனிப்புநீரே காரணம். 2018ஆம் ஆண்டு எடுத்த மற்றொரு கணக்கின்படி, பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குக் குண்டிக்காய்க் கோளாறு இருந்தது. அவர்களுள் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தாம்!

குண்டிக்காயின் வேலையை வியாபாரிகளாகிய நமக்குப் புரியும்படிச் சொல்வதானால், அது வெறும் கழிவு இறக்கும் கூலியாள் அன்று. அது ஒரு கணக்குப்பிள்ளை. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் உள்ளன. நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் வெளியே அனுப்புகிறது. அதோடு இன்னொரு காரியமும் செய்கிறது. வெயிலிலோ உணவிலோ கிடைக்கும் வைட்டமின் டி அப்படியே பயன்படாது. முதலில் ஈரலில் ஒரு மாறுதலும், பிறகு குண்டிக்காயில் இன்னொரு மாறுதலும் பெற்ற பின்னரே அது வேலைக்கு ஆகும் சரக்கு. குண்டிக்காயில்தான் இந்தக் கடைசி மாறுதல் நடக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் நகரில் பிரேசர், கோடிசெக் என்னும் இருவர் 1970ஆம் ஆண்டு எடுத்துக் காட்டினார்கள். அதுவரை குண்டிக்காய் கெட்டவர்களின் எலும்பு ஏன் பலவீனப்படுகிறது என்பது வைத்தியர்களுக்குப் பெரிய புதிராயிருந்தது.

குண்டிக்காய் தளரும்போது கணக்கில் குழப்பம் உண்டாகிறது. உணவில் வரும் பாஸ்பரஸ் முழுவதும் வெளியேறாமல் தங்குகிறது. அதை வெளித்தள்ளச் சொல்லி எலும்பு ஒருவித ரசத்தைச் சுரக்கிறது. அந்த ரசமோ வைட்டமின் டி தயாராவதைத் தடுத்துவிடுகிறது. டி குறைந்தால் உணவிலிருந்து சுண்ணாம்புச் சத்து சரியாக ஏறாது. உடனே கழுத்தில், தைராய்டு சுரப்பிக்குப் பின்புறம் அரிசி மணி போலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் நான்கும் கூடுதலாகச் சுரந்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கத் தொடங்குகின்றன. உடலின் சுண்ணாம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலேதான் இருப்பு. அன்றாடச் செலவுக்கு முதலிலேயே கைவைத்தால் கடை என்னவாகும்? அப்படித்தான் இதுவும்.

எடுத்த சுண்ணாம்பும் தேங்கிய பாஸ்பரஸும் எங்கே போகின்றன? ரத்தக் குழாயின் சுவரில் போய்ப் படிகின்றன. வெந்நீர்க் கெண்டியின் அடியில் உப்புப் படிவது போலத்தான் இது என்று முன்பு நினைத்தார்கள். அது முழு உண்மையன்று. குழாய்ச் சுவரிலுள்ள தசை அணுக்கள், பாஸ்பரஸ் மிகுந்த ரத்தத்தில் கிடந்து, எலும்பு அணுக்களைப் போலவே மாறிச் சுண்ணாம்பைக் கட்டத் தொடங்குகின்றன என்பது இப்போது தெரிந்திருக்கிறது. ரப்பர்க் குழாய் போல் விரிந்து சுருங்க வேண்டியது விறைத்த குழாயாகிவிடுகிறது. இருதயம் அதை எதிர்த்து வேலை செய்து வேலை செய்து தடித்துப் போகிறது. குண்டிக்காய் வியாதியஸ்தர்களில் மிகப் பலரின் உயிரைக் கொள்ளை கொள்வது உண்மையில் இருதயக் கோளாறுதான்.

அப்படியானால் வைட்டமின் டி கொடுத்தால் குழாய் தேறுமா? இந்தக் கேள்விக்கு நம் தாய்நாட்டுப் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தார் 120 நோயாளிகளைச் சேர்த்து நடத்தி, 2017ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். எல்லாரும் குண்டிக்காய் நடுத்தரமாகவோ அதற்கு மேலாகவோ பழுதுபட்டு, ஆனால் டயாலிஸிஸ் நிலையை எட்டாதவர்கள். எல்லாருக்கும் வைட்டமின் டி குறைவு. பாதிப் பேருக்கு 3 லட்சம் யூனிட் அளவுள்ள மருந்து தொடக்கத்தில் ஒருமுறையும், எட்டு வாரம் கழித்து இன்னொரு முறையும், ஆஸ்பத்திரிக்காரர் கண்முன்னே கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மருந்து. கையில் பட்டையைக் கட்டி ரத்தத்தைச் சற்று நேரம் நிறுத்திப் பிறகு அவிழ்த்தால், நல்ல குழாய் உடனே விரியும். அந்த விரிவை அளந்து பார்த்தார்கள். பதினாறு வாரத்தில், மருந்து பெற்றவர்களின் குழாய் மற்றவர்களுடையதைவிட 5.49 விழுக்காடு கூடுதலாக விரிந்தது. குழாயின் விறைப்பும் குறைந்தது. பாராதைராய்டு சுரப்பும் இறங்கியது.

இது நல்ல செய்திதான். ஆனால் இதைப் படித்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடுவது தகாது. அச்சோதனையில் இனிப்புநீர்க்காரர் எவரையும் சேர்க்கவில்லை. நம் மக்களுக்கோ இனிப்புநீரே மூலகாரணம். மேலும் அவர்கள் அளந்தது கைக்குழாயின் விரிவைத்தான். மாரடைப்பு குறைந்ததா, ஆயுள் நீண்டதா என்பதை அன்று. சரக்கு நன்றாயிருக்கிறதென்று மாதிரியைப் பார்த்துச் சொல்வதற்கும், ஒரு வருஷம் விற்று லாப நஷ்டம் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லாப நஷ்டம் பார்த்தவர்கள் ஜப்பானியர். டயாலிஸிஸ் செய்துகொள்ளும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரில் பாதிப் பேருக்கு, தினமும் ஏறக்குறைய தயாரான நிலையிலுள்ள டி மருந்தைக் கொடுத்து, சுமார் நான்கு வருஷம் கவனித்து 2018ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். மருந்து உண்டவர்களில் 21.1 விழுக்காட்டினரும், உண்ணாதவர்களில் 17.9 விழுக்காட்டினரும் இருதய, ரத்தக் குழாய் நோய்களுக்கு ஆளானார்கள். இந்த வேற்றுமை தற்செயலாயும் நேரக்கூடியதே. எப்படியாயினும் பலன் கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை. இரண்டு சோதனைகளிலும் மருந்தும் வேறு, நோயின் கட்டமும் வேறு. குறைவுள்ளவருக்கு, ரத்தம் பார்த்து, டாக்டர் அளவு சொல்லிக் கொடுப்பதே முறை என்பது நம் அபிப்பிராயம். அளவு மீறினால் ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, எதைத் தடுக்க நினைத்தோமோ அதுவே நேரும். டி ஊசியும் மாத்திரையும் ‘சத்து மருந்து’ தானே என்று ஒருவர் சீட்டை இன்னொருவர் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் மிகவும் தவறானது.

கையிலுள்ள காரியம் உணவில் இருக்கிறது. பருப்பிலும் கடலையிலும் உள்ள பாஸ்பரஸில் பாதியளவே உடலில் ஏறும். ஆனால் கெடாமலிருக்கப் பாஸ்பேட் உப்புச் சேர்த்த டப்பா இறைச்சி, சாசேஜ், நகெட், கறுப்புக் கோலா பானங்கள் இவற்றிலுள்ளது பெரும்பாலும் முழுவதுமே ஏறிவிடும். நெத்திலிக் கருவாடும் பால்மாவும் அளவோடு இருக்க வேண்டும். பாஸ்பரஸைப் பிடித்து வைக்க டாக்டர் தரும் சுண்ணாம்பு மாத்திரையைச் சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் பலன். வெறும் வயிற்றில் விழுங்கினால் சுண்ணாம்பு மட்டும் கூடும்.

ரமலான் மாதத்தில் இந்தக் கணக்கெல்லாம் மாறும். சாப்பாடு இரு வேளையாகையால் மாத்திரைகளின் நேரத்தை நோன்புக்கு முன்பே டாக்டரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். குண்டிக்காய் அதிகம் கெட்டவர் நோன்பு வைக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்பது அவசியம். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகை எல்லாரும் அறிந்ததே. பேரீச்சம்பழத்தில் பொட்டாசியம் மிகுதி. டயாலிஸிஸ் செய்பவர் ஒரு பழத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. புளிமாங்காய் போல் நறுக்கி உண்ணும் நட்சத்திரப் பழம், அதாவது மலாய்க்காரர் ‘பெலிம்பிங்’ என்பது, குண்டிக்காய் கெட்டவரின் மூளையைத் தாக்கும் நஞ்சுடையது. அதைத் தொடவே கூடாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. தோட்டப்புறத்தில் முதுகுவலி, மூட்டுவலி என்று வருபவருக்கு டைக்ளோபினாக், மெபினாமிக் அமிலம் போன்ற மாத்திரைகளை அட்டையிலிருந்து வெட்டி இரண்டிரண்டாக விற்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. இவை தளர்ந்த குண்டிக்காயை மேலும் கெடுக்கும். மளிகைக் கடையில் விற்கச் சட்டமும் இடம் தராது. பெயர் தெரியாத ‘ஜாமு’ப் பொட்டலங்களில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. இவற்றின் லாபம் அற்பம். வாங்கிப் போகிறவர் பெரும்பாலும் நம்மிடம் பல வருஷமாகப் பற்று வைத்து வாங்குபவர்.

இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். கிரியாட்டினினைக் கொண்டு கணக்கிடும் வடிகட்டும் வேகம் மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் வியாதி தொடங்கிவிட்டதென்று பொருள். அப்போது சுண்ணாம்பு, பாஸ்பரஸ், வைட்டமின் டி, பாராதைராய்டு இந்நான்கையும் எப்போது பார்ப்பதென்று டாக்டரிடம் கேட்கலாம். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.