ஆரவாரமும் அரவணைப்பும்

நுழையும்முன்

ஒரே அணியை நேசிப்போர், ஒருவரையொருவர் நேரில் காணாத நிலையிலும், இணையத்தின் வழியாக ஒரு குழுவாகத் திரள்கின்றனர். ஆட்ட நாளில் மகிழ்கின்றனர், தோல்வியில் வாடுகின்றனர். அக்குழுவினர் அறிந்த ஒரு குழந்தை நோயுறும்போது இந்தப் பிணைப்பு என்னவாகிறது? அது நிதி திரட்டுவதோடு முடிந்துவிடுகிறதா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

நெல்லிக்கனி ஈந்த மண்

இன்றைய தருமபுரி, சங்ககாலத்தில் தகடூர் என வழங்கியது. அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்கு ஈந்தான். உண்டவரின் வாழ்நாளை நீட்டிக்கும் கனி அது. அதன் பயனை அவன் வாய்திறந்து சொல்லவில்லை என்பதையும் புறநானூறு பதிவுசெய்கிறது. பெறுபவர் கூச்சமின்றிப் பெற்றுக்கொள்ளும்படி கொடுத்ததே அக்கொடையின் சிறப்பு. உயிர்காக்கும் உதவியைப் பற்றிப் பேசும்போது இந்நிகழ்வை நாம் மறத்தலாகாது.

நோயின் மறைந்த சுமைகள்

பென்னாகரத்திலோ அரூரிலோ ஒரு குடும்பத்தின் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் எனக் கண்டறியப்படுவதாகக் கொள்வோம். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ஆயினும், சில உயர்சிறப்புச் சிகிச்சைகளுக்குச் சேலம், பெங்களூரு, சென்னை ஆகிய நகரங்களுக்குச் செல்ல நேரிடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. இஃது ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்துணை.

எனினும், பேருந்துக் கட்டணம், தங்குமிடம், உணவு, தந்தை இழக்கும் நாட்கூலி, பாட்டியிடம் விட்டுவந்த மற்றொரு பிள்ளையின் ஏக்கம் ஆகியவை எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. குழந்தைகளுக்குப் பெரிதும் வரும் இரத்தப் புற்றுநோய் வகைக்கு இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை தேவைப்படும். முதல் மாதத்தில் உறவினர் திரண்டு வருவர். ஆறாம் மாதத்தில் வருகை குறையும். ஓராண்டுக்குப் பின் அலைபேசி அழைப்புகளும் அருகிவிடும். நோயைவிட இத்தனிமையே பெற்றோரை மிகுதியும் வாட்டும்.

தோற்ற அணியும் தோற்காத அன்பும்

இங்கிலாந்தின் சண்டர்லாந்து கால்பந்து அணியின் சிறுவயது ரசிகன் பிராட்லி லவரி. ஒன்றரை வயதில் அவனுக்கு நியூரோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 2016இல் நோய் மீண்டும் தாக்கியபோது, அமெரிக்காவில் சிகிச்சை பெறப் பெருந்தொகை தேவைப்பட்டது. சமூக ஊடகங்கள் வழியாக அவன் நிலையறிந்த ரசிகர்கள் சிறுசிறு தொகைகளை அனுப்பினர். அவ்வாண்டு செப்டம்பரில் சண்டர்லாந்துடன் மோதிய எவர்ட்டன் அணி 2 இலட்சம் பவுண்டு வழங்கியது. எதிரணி என்னும் எண்ணம் அங்கே மறைந்தது. திரண்ட மொத்தத் தொகை 7 இலட்சம் பவுண்டைக் கடந்தது.

ஆனால், நோய் முற்றிவிட்டதால் அச்சிகிச்சையால் பயனில்லை என அவ்வாண்டு டிசம்பரில் மருத்துவர்கள் தெரிவித்தனர். பணத்தால் செய்யக்கூடியது அத்துடன் முடிந்தது. ரசிகர்கள் அவனை விட்டு நீங்கவில்லை. அந்தக் கிறித்துமசுக்கு உலகெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான வாழ்த்து அட்டைகள் வந்து குவிந்தன. 2017 மார்ச்சில் இலண்டன் வெம்பிளி அரங்கில், சண்டர்லாந்து வீரர் ஜெர்மைன் டெஃபோவின் கையைப் பற்றியபடி இங்கிலாந்து அணியுடன் அவன் களமிறங்கினான். அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள், ஆறாம் வயதில், பிராட்லி மறைந்தான். அவன் பெயரால் அமைந்த அறக்கட்டளை, இன்று நோயுற்ற பிற குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவுகிறது.

அந்தப் பருவத்தில் சண்டர்லாந்து அணி பட்டியலின் கடைசி இடத்தைப் பெற்று, முதல்நிலைப் போட்டித் தொடரிலிருந்தே இறங்கிவிட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. வெல்லும்போது கூடுவோர் பார்வையாளர். தோற்கும்போதும் நீங்காதோரே ரசிகர். நோயுற்ற குழந்தையின் வீட்டுக்குத் தேவைப்படுவதும் இப்பண்பே. முடிவு எதுவாயினும் உடன் நிற்கப் பழகிய ஒரு கூட்டம், மருத்துவரால் தரவியலாத ஒன்றைத் தருகிறது.

எழுபதாயிரம் கைகள்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், கின்னிக் விளையாட்டரங்கை அடுத்துக் குழந்தைகள் மருத்துவமனையின் உயர்ந்த கட்டடம் 2017இல் திறக்கப்பட்டது. அதன் மேல்தளத்திலிருந்து நோயுற்ற குழந்தைகள் ஆட்டத்தைக் காணலாம். ‘முதல் கால்பகுதி முடிந்ததும் நாம் அனைவரும் அக்குழந்தைகளை நோக்கிக் கையசைப்போம்’ என்னும் கருத்தை ஒரு ரசிகை முன்வைத்தார். அணி ரசிகர்களின் முகநூல் பக்கத்தின் வழியாக அது பரவியது. 2017 செப்டம்பர் 2ஆம் நாள் தொடங்கிய அவ்வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. ஏறத்தாழ எழுபதாயிரம் பேரோடு, இரு அணி வீரர்களும் நடுவர்களும் திரும்பி நின்று கையசைக்கின்றனர். இதற்கு ஒரு காசும் செலவில்லை. சாளரத்தருகே நிற்கும் குழந்தையோ, தான் மறக்கப்படவில்லை என உணர்கிறது.

நம் அண்மையில்

2021இல் நாமக்கல் மாவட்டக் குழந்தை ஒன்றுக்கு, முதுகுத்தண்டுத் தசைநலிவு என்னும் அரிய மரபணு நோய்க்காக 16 கோடி ரூபாய் மதிப்புள்ள மருந்து தேவைப்பட்டது. முன்பின் அறியாதோர் இணையவழி அத்தொகையைத் திரட்டினர். நடுவண் அரசு இறக்குமதி வரியை விலக்கியது. அதே ஆண்டு கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், இந்நோயுற்ற ஒரு குழந்தைக்கு 18 கோடி ரூபாய் வேண்டியிருந்தது. சில நாள்களில் 46 கோடிக்கும் மேல் சேர்ந்தது. போதிய தொகை கிடைத்ததும் ‘இனி அனுப்ப வேண்டா’ என அறிவித்தது பொறுப்பான செயல். எஞ்சிய தொகை பிற குழந்தைகளின் மருத்துவத்திற்கு எனப்பட்டது.

இவை ரசிகர் குழுக்கள் செய்தவை அல்ல. எனினும், இணையம் ஊர் கூடித் தேர் இழுக்கும் வடமாகலாம் என்பதற்குச் சான்றுகள். ஒரு குழந்தையின் படம் ஆயிரம் கைகளைச் சேர்கிறது. அதே நோயுற்ற மற்றொரு குழந்தையின் செய்தி எவரையும் எட்டாமல் போகிறது. இந்த ஏற்றத்தாழ்வைத் தனிமனித ஈகை மட்டும் தீர்த்துவிடாது. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் வலுப்பெறுதல் அதனால்தான் இன்றியமையாதது.

உதவியின் நெறிகள்

மனமிரங்குதல் எளிது, முறையாக உதவுதலுக்குக் கவனம் வேண்டும். உதவி கோரும் செய்தியின் உண்மையை, மருத்துவமனையிலோ குடும்பத்தினரிடமோ உறுதிசெய்த பின்னரே பகிர வேண்டும். இயன்றவரை மருத்துவமனைக் கணக்கிலேயே தொகையைச் செலுத்துதல் நன்று. வரவு செலவுகளை வெளிப்படையாக வைத்தல் வேண்டும். பெற்றோர் இசைவின்றிக் குழந்தையின் படத்தை வெளியிடுதல் தவறு. நாளை நலம்பெற்றுப் பள்ளிக்கு வரும் அக்குழந்தை, எவருடைய இரக்கப் பார்வைக்கும் ஆளாகாமல் வாழ வேண்டும். அதியமான் காட்டிய நெறியும் அதுவே.

நம் சிற்றூர்களிலும் மட்டைப்பந்துக் குழுக்களும் கபடிக் குழுக்களும் உள்ளன. அவற்றிற்குப் புலனக் குழுக்களும் உள்ளன. ஆட்ட நேரத்தைத் தெரிவிக்கும் அக்குழுவே, பெங்களூருக்குச் செல்லும் குடும்பத்திற்கு வழித்துணையை ஏற்பாடு செய்யலாம். வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரலாம். ஆறாம் மாதத்திலும் ‘எப்படி இருக்கிறாய், தம்பி?’ எனக் கேட்கலாம். இவற்றைச் செய்யப் பதினெட்டு வயது நிரம்பவேண்டியதில்லை.

தெரிந்து தெளிவோம்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு இரத்தத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். கொடையாகப் பெற்ற தட்டணுக்களைப் பொதுவாக 5 நாள்களே சேமிக்க இயலும். எனவே, தொடர்ந்து கொடுப்போர் தேவை. நம் நாட்டில் 18 வயது நிரம்பிய, உடல்நலமுள்ளோர் குருதிக்கொடை வழங்கலாம்.

கற்பவை கற்றபின்

1. ‘தோற்கும்போதும் நீங்காதோரே ரசிகர்’ – இக்கூற்றை நோயுற்றோர்க்கு உதவும் பண்போடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. நீண்ட நாள் விடுப்பிலிருந்து திரும்பும் வகுப்புத்தோழருக்கு உங்கள் வகுப்பு செய்யத்தக்க ஐந்து உதவிகளைக் கலந்துரையாடிப் பட்டியலிடுக.

3. உதவி கோரி உங்களுக்கு வரும் செய்தியொன்றின் உண்மைத்தன்மையை அறிய நீங்கள் மேற்கொள்ளும் வழிமுறைகளை விளக்குக.