சார்ஜ் நிற்கலையா? எண்ணோடு டிக்கெட் போடுங்கள்

‘லேப்டாப்ல சார்ஜ் நிக்க மாட்டேங்குது’ என்று ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட்டுப் பாருங்கள். ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?’ என்று பதில் வரும். அடுத்த பதிலுக்கு ஒரு வாரம். புலம்பலை விட்டு எண்ணைச் சொன்னால் வேலை நடக்கும்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’, ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்பதைத் திரையே காட்டும். அதில் டிசைன் கெப்பாசிட்டி என்பது புதிதில் இருந்த கொள்ளளவு; ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்பது இன்றைக்கு நிரம்புவது. 50,000 இருந்த இடத்தில் 27,000 என்றால் பாதிக்குப் பக்கம் போய்விட்டது. எந்த செட்டிங்கும் அதைத் திருப்பித் தராது. அந்த இரண்டு எண்ணையும் டிக்கெட்டில் போட்டு, புது பேட்டரி கேளுங்கள். ஐபோனிலும் மேக்கிலும் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் இருக்கிறது. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றும் நேரம்.

எண் நன்றாக இருந்தும் சார்ஜ் இறங்குகிறதா? கோளாறு வேறெங்கோ. என் கதையில் அது சார்ஜர். 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் போன் சார்ஜரைச் சொருகிவிட்டு, ஒரு வீடியோ மீட்டிங் முழுக்க பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். டைப்-சி முனை பொருந்தினால் வாட்டும் பொருந்தும் என்று நினைப்பு! போனில் பெரும்பாலும் சார்ஜிங் துளையில் அடைந்த சட்டைப்பைப் பஞ்சுதான் வில்லன். அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள், ஊசி வேண்டாம்.

30 சதவீதம் காட்டும்போதே போன் பொசுக்கென்று அணைந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. உள்மின்தடை கூடியதால், கேமராவைத் திறந்ததும் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது.

‘முழுசா தீர்ந்தப்புறம் போடு’ என்பது நிக்கல்-காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியம்-அயனுக்கு அது கெடுதல். அதைவிடக் கெடுதல் சூடு: மெத்தைமேல் வைத்த லேப்டாப், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்ட போன். நாள் முழுக்க மேசையில் சொருகியே வைத்திருப்பவர்கள், வசதி இருந்தால் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிடலாம்.

டச்பேட் மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். டிக்கெட்டெல்லாம் அப்புறம். சார்ஜரைப் பிடுங்கி, அணைத்து, கையோடு ஐ.டி. ஆளிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உறை கிழிந்தால் தீப்பிடிக்கும்.