வலைக்கோலும் ஒரு பல்கலைக்கழகமும்

நுழையும்முன்

ஒவ்வொரு விளையாட்டும் ஒரு மக்கட்கூட்டத்தின் வாழ்விலிருந்து பிறக்கிறது. அது பிறரிடம் சென்று சேரும்போது விதிகள் மாறலாம், பெயரும் மாறலாம். பிறந்த இடத்தை மறவாமையே அவ்விளையாட்டுக்கு நாம் செலுத்தும் நன்றி. இதனை உணர்த்துகிறது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆடவர் லாக்ராஸ் அணி வரலாறு.

மண்ணின் ஆட்டம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ளது சிராகியூஸ் நகரம். அந்நிலம் ஒனொண்டாகா மக்களின் தாயகம். அவர்கள், ஹோடினோசோனி எனப்படும் ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள். முனை வளைந்த மரக்கோலில் வலை பின்னி, அதனால் பந்தை ஏந்தியும் எறிந்தும் அவர்கள் ஆடினர். நோயுற்றோர் நலம்பெற வேண்டியும் ஆடியமையால், இது ‘மருந்து ஆட்டம்’ எனவும் வழங்கப்பட்டது. ஆண்குழந்தையின் தொட்டிலில் சிறுகோல் வைப்பதும், இறந்தவருடன் அவரது கோலையும் புதைப்பதும் அவர்தம் மரபு. ‘லாக்ராஸ்’ என்பது பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர்.

19ஆம் நூற்றாண்டில் கனடாவில் குடியேறியோர் இவ்வாட்டத்துக்கு எழுத்துவடிவில் விதிகள் வகுத்தனர். பயணச் செலவை ஈடுசெய்யப் பணம் பெற்று ஆடிய பூர்வகுடியினர், தொழில்முறை ஆட்டக்காரர் எனக் கருதப்பட்டனர். 1880இல் கனடாவின் தேசியப் போட்டிகளில் ஆடும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஆட்டத்தை ஈந்தவர்களே ஆடுகளத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

அணியின் தோற்றம்

சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் 1916இல் லாக்ராஸ் அணியைத் தொடங்கியவர் பேராசிரியர் லாரி காக்ஸ். 1931 முதல் 1970 வரை ராய் சிம்மன்ஸ் பயிற்றுநராக விளங்கினார். அவருடைய 1957ஆம் ஆண்டு அணி, தான் ஆடிய 10 ஆட்டங்களிலும் வென்றது. அவ்வணியில் மூவர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர், பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன். மற்றொருவர், பயிற்றுநரின் மகன் இளைய ராய் சிம்மன்ஸ். மூன்றாமவர், ஒனொண்டாகா இனத்தவரான இலக்குக் காவலர் ஓரன் லயன்ஸ்.

வெற்றிப் படிகள்

தந்தைக்குப்பின் பயிற்றுநரான இளைய சிம்மன்ஸ், 1983இல் பல்கலைக்கழகத்துக்கு முதல் என்.சி.ஏ.ஏ. (NCAA) தேசியப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அணிக்கு எதிரான அவ்விறுதி ஆட்டத்தில் 5–12 எனப் பின்தங்கியிருந்த சிராகியூஸ், 17–16 என வென்றது. 2009 வரை இவ்வணியின் பெயரில் இத்தகைய 10 பட்டங்கள் பதிவாயின. 1990இல் வென்ற பட்டம் விதிமீறல் காரணமாகப் பின்னர் நீக்கப்பட்டதால், அது இக்கணக்கில் சேராது.

அதே 1983இல் ஓரன் லயன்ஸ், ஹோடினோசோனி மக்களுக்கெனத் தனி அணி உருவாகத் துணைநின்றார். ‘இரோக்வாய் நேஷனல்ஸ்’ என்னும் அவ்வணி 1990இல் உலகப் போட்டியில் பங்கேற்றது. மறுக்கப்பட்ட களத்தில் அம்மக்கள் தம் சொந்தக் கொடியின்கீழ் மீண்டும் நின்றனர்.

மண்ணின் மைந்தர்

2009ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் கார்னெல் அணியிடம் தோல்வியின் விளிம்பில் நின்றது சிராகியூஸ். 4 நொடிகளே எஞ்சியிருந்தபோது ஆட்டத்தைச் சமன்செய்தது. கூடுதல் நேரத்தில் சித் ஸ்மித், எதிரணியினர் கோலிலிருந்த பந்தைத் தட்டி வீழ்த்தினார். தொடர்ந்து கோடி ஜேமிசன் வெற்றிக் கோலை அடித்தார். இருவரும் ஹோடினோசோனி இளைஞர்கள். பல்கலைக்கழகத்தின் பத்தாவது என்.சி.ஏ.ஏ. பட்டம், அவ்விளையாட்டைப் படைத்த மக்களின் வழித்தோன்றல்கள் கைகளால் வந்தது.

பட்டங்களின் எண்ணிக்கை அணியின் திறத்தைக் காட்டும். ஓரன் லயன்ஸ், ஸ்மித், ஜேமிசன் ஆகியோரின் பெயர்களோ அவ்வாட்டத்தின் வேரைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதே வரலாறு முழுமை பெறுகிறது.

கற்பவை கற்றபின்

1. ‘ஆட்டத்தை ஈந்தவர்களே ஆடுகளத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்’ – இக்கூற்றைப் பாடப்பகுதிவழி விளக்குக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் மரபு விளையாட்டு ஒன்றின் விதிகளையும் அதனோடு தொடர்புடைய நம்பிக்கைகளையும் முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.