உடலுக்குள் ஒலியின் பாதை

கேள்வி: ஸ்கேன் ஒலி உடலுக்குள் செல்வதைக் கணினியிலேயே பார்க்க முடியுமா? (வாசகர், குஷாய்குடா, ஹைதராபாத்)

பதில்: முடியும். உடலை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒலிவேகம், அடர்த்தி, ஒலியை உறிஞ்சும் அளவு ஆகியவற்றைக் கொடுத்தால், அழுத்தம் மாறிச் செல்வதை அலைச் சமன்பாடு கணக்கிட்டுவிடும். ஸ்கேன் கருவி எல்லாத் திசுவிலும் வேகம் நொடிக்கு 1540 மீட்டர் என்றே வைத்துக்கொள்கிறது; கொழுப்பிலோ சுமார் 1450 தான். பருமனானவர்களின் படம் மங்க இதுவும் ஒரு காரணம் என்பதை இந்தக் கணினி மாதிரி தெளிவாகக் காட்டும்.

சிரமம் கணக்கின் கனத்தில்தான். 5 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 0.3 மி.மீ. கட்டம் 0.1 மி.மீ. என்றால், 10 செ.மீ. கனசதுரத்துக்கு 100 கோடிக் கட்டங்கள். அழுத்தத்தை மட்டும் வைக்கவே 4 ஜிபி நினைவகம் வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உருவான கே-வேவ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. மண்டையோட்டைத் தாண்டி மூளையில் ஒலியைக் குவிக்கும் சிகிச்சையில், நோயாளியின் சி.டி. படத்திலிருந்தே எலும்பின் தடிமனையும் அடர்த்தியையும் எடுத்து, ஒலி விலகாமலிருக்கத் திருத்தம் கணக்கிடுகிறார்கள்.