புற்றைச் சூழ்ந்த கற்றளி: சங்கரன்கோவில் தலமரபில் நில வடிவமைப்புச் சிந்தனை

முன்னுரை

கட்டடம், தோட்டம், நிலம் ஆகியவற்றுக்குப் புது வடிவம் தரும் கலைஞரைத் தமிழ் மரபு தச்சர், சிற்பி, தபதி எனப் பல பெயர்களால் சுட்டுகிறது. நட்ட கோல்களின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகலில், நூலிட்டுத் திசை குறித்து அரண்மனைக்கு மனை வகுக்கும் முறையை நெடுநல்வாடை விளக்குகிறது. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு பதிவு செய்துள்ளது. இவ்விரு சான்றுகளிலும் வடிவமைப்பு என்பது நூலும் அளவும் வல்லாரின் தொழிலாகவே வெளிப்படுகிறது. தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலின் தலமரபோ அளவுக்கு முந்தைய வினா ஒன்றை எழுப்புகிறது. ஒரு நிலத்தை மாற்றுவோர் அங்கு முன்பே இருப்பவற்றை என்ன செய்வது என்பதே அவ்வினா. அதற்குக் கோயிலமைப்பு தரும் விடையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டக் காவலரும் புற்றும்

சங்கரன்கோவிலின் பழம்பெயர்களுள் ஒன்று புன்னைவனம். அவ்வனத்தைக் காத்த காவலர் ஒருவர் தோட்டத்தில் வளர்ந்திருந்த புற்றை வெட்டினார் என்றும், உள்ளிருந்த பாம்பின் வால் வெட்டுண்டது என்றும், அருகே சிவலிங்கம் தென்பட்டது என்றும் தலவரலாறு கூறும். செய்தி உக்கிரபாண்டிய மன்னனை எட்டியது. காடு திருத்தி ஊரும் கோயிலும் அமைத்தவன் அவனே என்பது மரபு.

இக்கதையை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ளாமல், நிலம் பற்றிய சிந்தனையின் பதிவாகக் கொண்டால் இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, இடத்தைக் கண்டறிந்தவராக நினைவில் நிற்பவர் மன்னனோ தச்சனோ அல்லர். அந்நிலத்தில் நாளும் உழைத்த காவலர். இரண்டாவது, தோட்டத்தைச் சீர்செய்யும் இயல்பான செயலே ஓர் உயிரைப் புண்படுத்துகிறது. வெட்டியெறிய வேண்டிய தடையாகத் தோன்றிய புற்று, அக்கணத்திற்குப் பின் காக்கப்பட வேண்டியதாகிறது. கோயிலின் வடிவமைப்பு இந்த மனமாற்றத்திலிருந்தே தொடங்குகிறது.

மூன்று சந்நிதிகளின் இணைப்பு

சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என வழக்காடினர் என்றும், இருவரும் ஒருவரே என உலகம் உணரும் பொருட்டுக் கோமதியம்மன் தவமிருந்தார் என்றும் தலபுராணம் சொல்லும். இக்கருத்தைக் கட்டடக் கலைஞர் இடவமைப்பாக மொழிபெயர்த்துள்ளனர். சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதியம்மன் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் சந்நிதி அமைந்துள்ளது. ஒரு பாகம் சிவனும் மறுபாகம் திருமாலுமான அத்திருமேனியின் முன் திருநீறும் துளசித் தீர்த்தமும் வழங்கப்படுகின்றன. வழிபடுவோர் ஒரு சந்நிதியிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லும் வழியே தலபுராணத்தின் வாதத்தை உணர்த்திவிடுகிறது. ஆடித்தபசு விழாவில் அம்மன் தபசு மண்டபத்திற்கு எழுந்தருள, இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி தருகிறார். அந்நாளில் இவ்வடிவமைப்பு மதிலைக் கடந்து ஊரின் வீதிகளையும் தன்னுள் சேர்த்துக்கொள்கிறது.

மண்ணும் நீரும் மரமும்

நெல்லை வட்டாரத்து ஐம்பூதத் தலங்களுள் கரிவலம்வந்தநல்லூர் தீ, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் வான் எனப் போற்றப்பட, சங்கரன்கோவில் நிலத்திற்குரியதாகிறது. இங்குப் புற்றுமண்ணே அருள்மருந்தாக வழங்கப்படுவது இதனோடு பொருந்துகிறது. நாகர் இருவரும் தோண்டியதாகக் கூறப்படும் நாகசுனையும் கோயிலுக்குள்ளேயே உள்ளது. புன்னை, சங்க இலக்கியத்தில் நெய்தல் நிலத்து மரம். கடலுக்கு அப்பாலுள்ள கரிசல் வட்டாரத்து ஊர் அதன் பெயரால் வழங்குவது, மரங்களைப் பற்றிய நினைவைத் தலமரபு பேணிவரும் பாங்கைக் காட்டுகிறது.

ஒன்பது நிலை இராசகோபுரம் தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்கிறது. எனினும், கோபுரத்திற்கும் மதிலுக்கும் பொருள் தருபவை உள்ளிருக்கும் புற்றும் சுனையுமே. 11ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சப்பானியத் தோட்டக்கலை நூலான சகுதெய்கி, கல்லின் விருப்பத்தை அறிந்து அதன்வழிக் கற்களை அமைக்குமாறு அறிவுறுத்துகிறது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு மரபுகளும், இருப்பதற்கு இணங்கிப் படைப்பதே கலை என்னும் கருத்தில் ஒன்றுபடுகின்றன.

புதுப்பித்தலில் எழும் சிக்கல்

தொன்மையான கோயில்களின் பாதுகாப்புக் குறித்து, 2021 சூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 75 வழிகாட்டுதல்களை வழங்கியது. கல்வெட்டு, சிற்பம், ஓவியம் ஆகியவற்றின் மதிப்பு இன்று ஓரளவு உணரப்பட்டுள்ளது. ஆனால் புற்று, சுனை, மரம், திறந்த மண்தரை ஆகியன வழிபாட்டுப் பொருள்களாகவோ வெற்றிடங்களாகவோ மட்டுமே எண்ணப்படுகின்றன. வடிவமைப்பின் உறுப்புகளாகக் கருதப்படுவதில்லை. மண்தரையில் தளக்கல் பாவினால் மழைநீர் மண்ணுள் இறங்கும் வழி அடைபடும். சுனையின் ஊற்றுக்கண் தூர்ந்தால் எஞ்சுவது வெறும் தொட்டியே. ஒரு சிற்பம் சிதைந்தால் சிதைவு கண்ணுக்குத் தெரியும். மண்ணின் இழப்போ தூய்மைப் பணி என்னும் பெயரிலேயே நிகழ்ந்துவிடக்கூடும்.

முடிவுரை

சங்கரன்கோவில் தலமரபு, நிலத்தை வடிவமைக்கும் கலையின் முதற்படி இருப்பதைக் கண்டுணர்வதே எனக் காட்டுகிறது. ஆகவே கோயில்களை ஆவணப்படுத்துவோர் கோபுர அளவுகளோடு புற்று, சுனை, மரம், நீர்வழி ஆகியவற்றின் இடமும் நிலையும் குறித்தல் வேண்டும். தலபுராணங்களை அத்தகைய நில ஆவணங்களாகவும் பயிலுதல் தமிழாய்வின் கடனாகும். காவலரின் வெட்டு புற்றில் நின்றதாலேயே அவ்விடம் கோயிலாயிற்று. புதுப்பிப்போர் கருத வேண்டிய நெறியும் அக்கதையிலேயே உள்ளது.