சால்வென்ட்டுக்கு மாற்றிய பழைய பிரிண்டர்: எதைப் பார்த்து விலை பேசுவது?

திருப்பாச்சூரில் கடை போட்டு, காக்களூர் சிட்கோவுக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் ஸ்டிக்கரும் போர்டும் அடித்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களைச் சட்டென்று இழுப்பது, தண்ணீர் இங்க்கில் ஓடி, பின்னால் சால்வென்ட்டுக்கு மாற்றப்பட்ட பழைய பிரிண்டர். எப்சன் 9600 போன்றவை 44 அங்குல அகலம், விலையும் குறைவு. "மூட்டோ, ரோலண்ட், மிமாகியிலும் எப்சன் ஹெட்தானே இருக்கிறது?" என்பார் விற்பவர். அந்தக் கம்பெனிகளின் பல மாடல்களைப் பொறுத்தவரை அது உண்மைதான். எப்சன் ஹெட் பீசோ வகை. மின்னழுத்தத்தில் அசைந்து துளியைத் தள்ளும், இங்க்கைக் கொதிக்க வைக்காது. அதனால்தான் சால்வென்ட்டையும் அதால் தள்ள முடிகிறது. தண்ணீர் இங்க்கில் ஓடும் ஹெச்பி, கேனான் பெரிய பிரிண்டர்களின் ஹெட் பொதுவாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குமிழியால் தள்ளுவது. அதை மாற்றியதாக யாராவது கொண்டுவந்தால் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆனால் ஹெட் தாங்குகிறது என்பதால் மெஷின் தாங்கும் என்று ஆகிவிடாது. கம்பெனியிலிருந்தே எக்கோ சால்வென்ட்டாக (காட்டம் குறைந்த சால்வென்ட்) வரும் மெஷினில் டியூப், ஹெட்டுக்கு இங்க் ஊட்டும் டேம்பர், ஓடாதபோது ஹெட்டை மூடும் கேப், பம்ப் எல்லாம் அந்த இங்க்குக்கென்றே செய்தவை. தண்ணீர் மெஷினின் ரப்பரோ சால்வென்ட் பட்டால் உப்பும், இளகும். டேம்பரின் வளையம் உப்பினால் காற்று புகும். கேப்பின் விளிம்பு கோணினால் இரவெல்லாம் ஹெட் காயும். ஆக, விலை உயர்ந்த ஹெட்டைக் கொல்வது பக்கத்தில் இருக்கும் மலிவான ரப்பர்தான். நாம் விலை பேச வேண்டியது அந்த ரப்பரைப் பார்த்து.

ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் நாசில் செக்கில் கோடு விடாமல் வந்ததே என்று கேட்கலாம். க்ளீனிங் முடித்த கையோடு எடுத்தால் நோயுள்ள மெஷினிலும் அது நன்றாகவே வரக்கூடும். மாலையில் நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் காலை க்ளீனிங் போடாமல் எடுத்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் வினைலில் முழு அகலத்துக்குத் திட்டாக அடிக்கச் சொல்லுங்கள். போகப் போக நிறம் வெளிறினால் இங்க் போய்ச் சேரவில்லை, டேம்பரிலோ டியூபிலோ கோளாறு. அடித்த வினைலை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் நகத்தால் கீறி, டேப் ஒட்டி உரித்தும் பார்க்க வேண்டும். வினைலுக்குள் இங்க் இறங்கிப் பிடிக்க வெப்பம் தேவை. தண்ணீர் மெஷினில் அதற்கான ஹீட்டர் கிடையாது, மாற்றியவர் பொருத்தியிருந்தால்தான் உண்டு. ஆலைச் சுவரில் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டிய பாதுகாப்பு அறிவிப்பு உரிந்து வந்தால் அடுத்த ஆர்டர் வராது.

"மலிவாகக் கிடைக்கிறது, கெட்டதை மாற்றிக்கொள்கிறேன்" என்ற வாதத்தை நான் ஒதுக்கவில்லை. அப்படியானால் டேம்பர் முழு செட், கேப், பம்ப், டியூப், ஒரு ஹெட், இவற்றின் இன்றைய விலையைச் சேர்த்து, விற்பவர் கேட்ட விலையோடு கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகை பழைய எக்கோ சால்வென்ட் மெஷின் ஒன்றின் விலையை நெருங்கினால், வயதில் மூத்ததானாலும் அதையே வாங்குவேன். தினமும் ஓட்ட வேலை இருந்து, கடைக்குள் ஒட்டும் போஸ்டர் மட்டுமே அடிப்பவருக்கு மாற்றிய மெஷின் போதும். இதுவரை என்ன இங்க் ஓடியது என்று கேட்டு, அதே இங்க்கையே தொடர வேண்டும்; ஃப்ளெக்ஸ் மெஷினுக்கான காட்டமான சால்வென்ட்டை இதில் ஊற்றவே கூடாது. பிரிண்டரை ஓட்டும் மென்பொருளுக்குச் சாவியான டாங்கிளையும் பணம் கொடுக்கும்போதே கையில் வாங்கிவிடுங்கள்.