பெர்லினில் முதல் இலையுதிர்காலமா? வீட்டையும் உடம்பையும் தயார்படுத்தச் சில குறிப்புகள்

பெர்லினுக்குப் புதிதாகக் குடிவரும் நம்மவர்கள் எல்லோரும் பனியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அதற்கு முன்னால் வரும் அக்டோபரும் நவம்பரும் ஆளைப் பதம் பார்ப்பதை யாரும் சொல்லிவைப்பதில்லை. வீட்டுக்குள் ஈரம், வெளியே இருட்டு. இந்த இரண்டையும் சமாளித்துவிட்டால் டிசம்பர் தானாக ஓடிவிடும். அதனால் முதல் வருஷக் குடும்பங்கள் செப்டம்பர் கடைசியிலேயே இவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. காலையில் எழுந்ததும் படுக்கையறை ஜன்னலைப் பாருங்கள். கண்ணாடியின் கீழ் விளிம்பில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் வீட்டில் ஈரம் மிஞ்சிவிட்டது. பழைய துணியால் துடைத்துவிட்டு, எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். எதிரெதிர் ஜன்னல்கள் இருந்தால் காற்று சீக்கிரம் மாறும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு தடவை இப்படிச் செய்ய வேண்டும். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விட்டுவைக்காதீர்கள். காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் ஜில்லிட்டுப் போகும், ஹீட்டிங் பணமும் வீண்.

2. மழை பெய்யும்போது திறந்தால் ஈரம் உள்ளே வராதா என்று எல்லோருக்கும் சந்தேகம் வரும். வராது. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தாங்க முடியாது. ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. அந்த 5 டிகிரிக் காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடேறினால் அதன் ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஐப்பசி அடைமழையில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திய கைகளுக்கு இது பழகச் சில நாள் ஆகும். ஆனாலும் தைரியமாகத் திறங்கள்.

3. நம் சமையலே ஆவிச் சமையல். இட்லி, சோறு, ரசம், பருப்பு என்று அடுப்பில் ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டே இருக்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் புகைபோக்கியை நம்பிவிடாதீர்கள். வாடகை வீடுகள் பலவற்றில் அது எண்ணெய்ப் பிசுக்கை மட்டும் வடிகட்டிக் காற்றைத் திரும்ப உள்ளேயே விடும் வகை. நீராவி அப்படியே வீட்டில் தங்கும். இட்லிப் பானையைத் திறப்பதற்கு முன் சமையலறைக் கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். குளித்த பிறகும் இதே முறைதான். துவைத்த துணியை உள்ளே காயப்போட வேண்டியிருந்தால் ஒரே அறையில் போட்டு அந்த அறைக் கதவைச் சாத்திவையுங்கள், ஜன்னலை அடிக்கடி திறங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கி ஹாலில் வைத்தால் ஊகிக்கும் வேலை இல்லை. 40க்கும் 60க்கும் நடுவில் நின்றால் சரி.

4. வெளிச்சுவரை ஒட்டிப் பீரோவோ கட்டிலோ போடாதீர்கள். கை நுழையும் அளவுக்காவது இடைவெளி விட்டால்தான் சுவருக்குக் காற்றுப் போகும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்பக்க மூலைகளைப் பாருங்கள். பூஞ்சையின் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் முதலில் போட்டோ, அடுத்து வீட்டுக்காரருக்கு எழுத்தில் தகவல், அதற்குப் பிறகுதான் சுத்தம். கொஞ்சமாக இருந்தால் கையுறை போட்டுக்கொண்டு 70 முதல் 80 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம். அது சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் விளக்கு எரியக் கூடாது. ஊரில் எல்லாவற்றுக்கும் வினிகர்தான் என்று பழகியிருப்போம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் அது எடுபடாது.

5. ரேடியேட்டர் திருகில் இருக்கும் எண்கள் வேகத்தைக் குறிப்பவை என்று நினைத்துப் பலரும் குளிருகிறதே என 5-க்குத் திருப்புகிறார்கள். எண் குறிப்பது அறை எவ்வளவு சூடேற வேண்டும் என்பதை. 3 என்றால் ஏறத்தாழ 20 டிகிரி. 5-ல் வைத்தாலும் அந்த 20 டிகிரி சீக்கிரம் வந்துவிடாது. அதையும் தாண்டிச் சூடேறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். ஜன்னலைத் திறக்கும்போது திருகை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் குளிர்காற்று பட்டதும் ரேடியேட்டர் முழுமூச்சாக வேலை செய்ய ஆரம்பிக்கும். யாரும் படுக்காத அறையையும் ஒரேயடியாகக் குளிரவிடக் கூடாது, பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். ரேடியேட்டர் மேல்பாதி ஜில்லென்று இருந்து உள்ளே குளகுளவென்று சத்தம் கேட்டால் காற்று அடைத்திருக்கிறது, கட்டடப் பராமரிப்பாளரான ஹவுஸ்மைஸ்டரிடம் சொல்லுங்கள்.

6. ஹீட்டிங் முதலான கூடுதல் செலவுகளுக்காக மாதாமாதம் வாடகையோடு கட்டும் நேபன்கோஸ்டன் வெறும் முன்பணம். வருஷக் கணக்கு பிறகுதான் வரும், அதிகமாகச் செலவழித்திருந்தால் மீதியை மொத்தமாகக் கேட்பார்கள். முதல் வருஷம் ஒரு தொகையைத் தனியே எடுத்துவையுங்கள்.

7. மாவு புளிக்காததுதான் நவம்பரின் பெரிய வருத்தம். அவன் அடுப்பைச் சூடேற்றாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி முழுக்க உள்ளே வைத்தால் பொங்கி நிற்கும். பெரிய பாத்திரமாக எடுங்கள், கீழே ஒரு தட்டும் வையுங்கள். முக்கியமாக அவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். தயிர் உறையவைக்கவும் இதே இடம்தான். தேங்காயெண்ணெய் உறைந்து கல்லாகிவிடும். வாயகன்ற பாட்டிலில் மாற்றிவைத்தால் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம்.

8. ஒரே தடிமனான ஜாக்கெட்டைவிட மெல்லியதாக மூன்று அடுக்கு மேல். மெட்ரோ உள்ளே புழுங்கும், வெளியே காற்று வெட்டும். கழற்றிப் போட வசதி வேண்டும். பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் காலணி. தண்ணீர் புகாததாக, அடிப்பாகம் வழுக்காததாக வாங்குங்கள். கோட்டுகள் ஹூமானா மாதிரிப் பழைய துணிக் கடைகளில் நன்றாகவே கிடைக்கும். குழந்தை கிட்டா என்னும் மழலையர் பகல் காப்பகத்துக்குப் போனால் மழைப் பேன்ட்டும் ரப்பர் பூட்ஸும் கட்டாயம். மழையிலும் வெளியே விளையாடவிடுவார்கள். பயப்பட வேண்டாம், பிள்ளைகளுக்கு அது பிடித்துவிடும். எல்லாவற்றிலும் பெயர் எழுதிவிடுங்கள்.

9. நனைந்த இலை பாசிபிடித்த கிணற்றடி மாதிரி வழுக்கும். சைக்கிளில் போகிறவர்கள் இலைக்குவியல் மேல் பிரேக் பிடிக்காதீர்கள், டிராம் தண்டவாளத்தைக் குறுக்காகவே கடங்கள். முன்னும் பின்னும் விளக்கு இருக்க வேண்டியது சட்டம்.

10. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை மூன்று மணி இரண்டு மணியாகும். போன் தானாக மாறிக்கொள்ளும். சுவர்க் கடிகாரத்தையும் அவன் அடுப்பில் இருக்கும் கடிகாரத்தையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். ஊரோடு இருந்த மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும். இங்கே மாலை ஆறரைக்கு அழைத்தால் அங்கே பதினொன்று, அம்மா தூங்கியிருப்பார். பேசும் நேரத்தை மதியத்துக்கோ வார இறுதிக் காலைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

11. அந்த ஞாயிறு முதல் மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாயும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டு. அதனால் மதிய இடைவேளையில் அரை மணியாவது வெளியே நடங்கள், மேகமாக இருந்தாலும் பரவாயில்லை. காரணமே இல்லாமல் அழுகை வருவதும், நாள் முழுக்கத் தூக்கமாக வருவதும் வெளிச்சம் குறைவதால் இங்கே பலருக்கும் நேர்வதுதான். வாரக்கணக்கில் நீண்டால் தயங்காமல் குடும்ப டாக்டரிடம் போங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை இந்த அட்சரேகையில் வெயில் போதாது, தோலில் வைட்டமின் டி உருவாகாது. கறுத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் தேவை. மாத்திரையின் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருந்தாலோ வீட்டில் கர்ப்பிணி இருந்தாலோ ஃப்ளூ ஊசி பற்றி அக்டோபரிலேயே கேளுங்கள்.

வீட்டிலேயே அடைந்து கிடக்கப் பிடிக்காத நாட்களுக்கு நூலகம் இருக்கிறது. ப்ளூஷர்பிளாட்ஸில் 1954-ல் திறந்த அமெரிக்கா நினைவு நூலகத்தில் உள்ளே போய் உட்கார உறுப்பினர் அட்டை தேவையில்லை.

12. சந்தையில் செக்கச்செவேலென்று உருண்டையாக வரும் ஹொக்கைடோ பூசணியைத் தோலோடு சமைக்கலாம். சாம்பாருக்கும் எரிசேரிக்கும் அருமை, நம் பரங்கியைவிடக் கெட்டி. தெருவில் கொட்டிக் கிடக்கும் பளபளப்பான குதிரைக் கஷ்கொட்டையை மட்டும் வாயில் வைக்க விடாதீர்கள், அது நஞ்சு. அதன் ஓட்டில் முள் இடைவெளி விட்டு முண்டு முண்டாக இருக்கும், கொட்டை வழவழவென்று உருண்டிருக்கும். உண்ணும் கஷ்கொட்டையின் ஓடு முள்ளம்பன்றிபோல மெல்லிய முட்களால் மூடியிருக்கும், கொட்டையின் நுனியில் சின்னக் குஞ்சம் இருக்கும். காட்டுக் காளானைப் பறிக்கவே வேண்டாம், கடையில் வாங்குங்கள்.

13. நிறம் பார்க்க அக்டோபர் நடுவைத் தவறவிடாதீர்கள். ட்ரெப்டோவ் பூங்கா, டியர்கார்டன், க்ரூனவால்ட் காடு மூன்றுக்கும் எஸ்-பான் ரயில் டிக்கெட் போதும். துணி துவைப்பதை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு, வெயில் அடிக்கும் நாளில் போய்விடுங்கள். ஒரு ராத்திரிக் காற்றில் பாதி இலை கொட்டிவிடும்.

14. தீபாவளிக்கு வெடி கிடையாது. பொதுமக்கள் அதை வெடிக்க ஜெர்மனியில் டிசம்பர் 31-லும் ஜனவரி 1-லும்தான் அனுமதி. கம்பி மத்தாப்பு வருஷம் முழுக்கக் கிடைக்கும். வெளியே கொளுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். சாம்பிராணி போடுவதென்றால் பால்கனியில் போடுங்கள், அறைக்குள் போட்டால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். நவம்பர் 11-ஐ ஒட்டிக் குழந்தைகள் காகித விளக்கு ஏந்தி மார்ட்டின் ஊர்வலம் போவார்கள். கிட்டா அறிவிப்புப் பலகையில் தேதி பார்த்து, தாத்தா பாட்டி வந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.